சுற்றும் வட்டத்துக்குப் பின்னால் ஒரு வாக்குறுதி

கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். மாலை ஐந்தே முக்கால். ஆறு மணிக்கு இணையதளத்தை மூடிவிடுவார்கள். அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலத்தில் ஓர் இ-சேவை மையம் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். பிளஸ் டூ முடித்த பையன், பக்கத்தில் அவன் அம்மா, கம்ப்யூட்டர் முன்னால் மையத்தை நடத்தும் அக்கா. மதிப்பெண், சாதிச் சான்றிதழ், போட்டோ எல்லாம் ஏற்றியாகிவிட்டது. பாக்கி இருப்பது கட்டணம் மட்டும்தான். பட்டனை அழுத்தி, க்யூஆர் கோடை அம்மாவின் போனில் ஸ்கேன் செய்து, ரகசிய எண்ணையும் போட்டாகிவிட்டது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"அக்கா, சுத்திக்கிட்டே இருக்குக்கா. இன்னொரு தடவை அமுக்கிடவா?"

"இரு தம்பி. ரெண்டு தடவை பணம் போயிட்டா யாரு பொறுப்பு?"

"அதுக்காக இப்படியே பார்த்துக்கிட்டு இருந்தா எப்படிம்மா? ஆறு மணிக்கு மூடிடுவாங்களே!"

மூன்று பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. மூவருக்கும் பதில் சொல்ல வேண்டியது அந்த வட்டம்தான். அது ஏன் சுற்றுகிறது, எப்போது நிற்கும், நின்றால் என்ன அர்த்தம்? இதற்கெல்லாம் பின்னால் இருப்பது ஜாவாஸ்கிரிப்டில் 'ப்ராமிஸ்' என்று அழைக்கப்படும் ஒரு சின்ன ஏற்பாடு. தமிழில் சொன்னால் வாக்குறுதி. கோடிங் படிப்பவர்கள் இதை எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும். கோடிங்கே வேண்டாம் என்பவர்களும் இதைப் புரிந்துகொண்டால், பணம் சிக்கிய நேரத்தில் பதறாமல் இருக்கலாம்.

ஒரே ஒரு தையல்காரர்

தீபாவளிக்கு முந்தைய வாரம். தையல்கடையில் ஆள் ஒருவர்தான். அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பது, வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவரே. காஜா எடுக்க மட்டும் சட்டைகளை இன்னொரு கடைக்கு அனுப்புவார். அனுப்பிய சட்டை திரும்பி வரும் வரை அந்தக் கடை வாசலிலேயே அவர் நின்றுகொண்டிருந்தால் என்ன ஆகும்? இங்கே கூட்டம் கத்தும். தையல் மெஷின் தூங்கும்.

உங்கள் பிரவுசரில் ஒரு பக்கத்துக்கான ஜாவாஸ்கிரிப்டும் இப்படித்தான். அதற்குப் பிரதானமாக இருப்பது ஒரே ஓர் இழை. கோடை இயக்குவது, விரல் தொட்டதைக் கவனிப்பது, திரையை வரைவது என எல்லாம் அந்த ஒருவர் தலையில்தான். பொதுவாக ஒரு திரை விநாடிக்கு 60 முறை புதிதாக வரையப்படுகிறது. ஒரு முறைக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16 மில்லி விநாடி. சிக்னல் பலவீனமான இடத்தில் சர்வர் பதில் சொல்ல 2 விநாடி ஆனால், அதற்குள் திரையை 120 முறை வரைய வேண்டியிருக்கும். 'பதில் வரும் வரை நிற்கிறேன்' என்று கோட் அடம்பிடித்தால் பக்கம் உறைந்துவிடும். ஸ்க்ரோல் ஆகாது. பட்டன் வேலை செய்யாது. அந்த வட்டம்கூட ஒழுங்காகச் சுற்றாமல் போகலாம்.

அதனால் பிரவுசர் சாமர்த்தியமான தையல்காரர் மாதிரி நடந்துகொள்கிறது. வெளியே அனுப்ப வேண்டியதை அனுப்பிவிட்டு, கையில் இருக்கும் அடுத்த வேலையைப் பார்க்கிறது. பதில் வந்ததும் விட்ட இடத்தில் இருந்து தொடர்கிறது. கோடிங் பாஷையில் இதற்கு 'அசிங்க்ரனஸ்' என்று பெயர். வட்டம் சுற்றுகிறது என்றால், அனுப்பியதற்கு இன்னும் பதில் வரவில்லை என்று அர்த்தம்.

கையில் இருப்பது ரசீதுதான், சட்டை இல்லை

துணியைக் கொடுத்ததும் தையல்காரர் ஒரு ரசீது தருவார். அது சட்டை ஆகாது. ஆனால் சட்டைக்கான வாக்கு. அதை வைத்துக்கொண்டு நீங்கள் வீட்டுக்குப் போகலாம், அன்றாட வேலையைப் பார்க்கலாம். ப்ராமிஸ் என்பது இந்த ரசீது.

சர்வரிடம் எதையாவது கேட்க ஜாவாஸ்கிரிப்டில் இன்று பரவலாகப் பயன்படுவது 'ஃபெட்ச்' என்ற கட்டளை. அதை இயக்கிய அடுத்த கணமே கைக்குக் கிடைப்பது தகவல் இல்லை, ஒரு ப்ராமிஸ்தான். அதற்கு மூன்று நிலைகள் உண்டு.

பெண்டிங்: இன்னும் முடியவில்லை.

ஃபுல்ஃபில்டு: வாக்கு நிறைவேறிவிட்டது, பலன் இதோ.

ரிஜெக்டட்: முடியவில்லை, காரணம் இதோ.

யூபிஐ பயன்படுத்துகிற எவருக்கும் இந்த மூன்றும் பழக்கமானவை. அங்கே பெண்டிங், சக்சஸ், ஃபெயில்டு என்று வருகிறதே, கிட்டத்தட்ட அதே கணக்கு. ப்ராமிஸுக்கு ஒரு கறாரான விதியும் இருக்கிறது. நிறைவேறியது அல்லது முறிந்தது என்று ஒருமுறை முடிவாகிவிட்டால் அந்த முடிவு மாறவே மாறாது. 'நேற்று தயார் என்றேன், இன்று இல்லை என்கிறேன்' என்ற பேச்சுக்கு இடமில்லை.

ரசீதின் பின்னால் என்னென்ன எழுத வேண்டும் என்பதற்கும் தனித்தனி வார்த்தைகள் இருக்கின்றன. வாக்கு நிறைவேறினால் செய்ய வேண்டியது 'தென்' என்பதில். முறிந்தால் செய்ய வேண்டியது 'கேட்ச்' என்பதில். இரண்டில் எது நடந்தாலும் கடைசியில் செய்ய வேண்டியது 'ஃபைனலி' என்பதில். சுற்றும் வட்டத்தை நிறுத்தும் வரியை ஃபைனலியில் வைப்பதே புத்திசாலித்தனம். தென்னில் மட்டும் வைத்துவிட்டால், வாக்கு முறியும் நாளில் வட்டம் நிற்கவே நிற்காது.

வாக்குறுதி வந்த கதை

ஜாவாஸ்கிரிப்ட் 1995-ல் பிறந்தது. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த பிரெண்டன் ஐக் அதன் முதல் வடிவத்தை 10 நாளில் எழுதினார். பக்கத்தை மறுபடி ஏற்றாமல் சர்வரோடு பேசும் வசதி, 1999-ல் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 உடன் வந்தது. 2004-ல் ஜிமெயிலும் 2005-ல் கூகுள் மேப்ஸும் அந்த வழியில் என்னவெல்லாம் செய்யலாம் என்று உலகத்துக்குக் காட்டின.

அந்தக் காலத்தில் ரசீது கிடையாது. 'சட்டை தயாரானதும் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்' என்று சொல்லிவிட்டு வரும் முறைதான் இருந்தது. கோடில் அதற்குக் 'கால்பேக்' என்று பெயர். ஒரு வேலை என்றால் சிக்கல் இல்லை. வெட்டி முடித்ததும் கூப்பிடு, கூப்பிட்டதும் தை, தைத்ததும் காஜாவுக்கு அனுப்பு, அது வந்ததும் இஸ்திரி போடு என்று நான்கைந்து அடுக்கு சேர்ந்தால்? ஒன்றுக்குள் ஒன்றாக கோட் வலது பக்கமாகச் சரிந்துகொண்டே போகும். நடுவில் ஒன்று தவறினால் யாரிடம் கேட்பது என்று தெரியாது. புரோகிராமர்கள் அதற்கு வைத்த பெயரே 'கால்பேக் நரகம்'.

வாக்குறுதி என்ற யோசனை ஜாவாஸ்கிரிப்டை விட மூத்தது. 1976-ல் டேனியல் ஃப்ரீட்மேன், டேவிட் வைஸ் என்ற இரு கணினி அறிஞர்கள் 'ப்ராமிஸ்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார்கள். 1988-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் இருந்த பார்பரா லிஸ்கோவும் லியூபா ஷ்ரீராவும், பல கணினிகள் சேர்ந்து வேலை செய்யும் இடங்களில் இதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். கணினி உலகின் உயரிய விருதான டூரிங் விருதை 2008-ம் ஆண்டுக்குப் பெற்றவர் இதே லிஸ்கோவ்தான். ஜாவாஸ்கிரிப்டின் அதிகாரபூர்வ விதிகளில் ப்ராமிஸ் இடம்பிடித்தது 2015 ஜூனில். 2017-ல் 'அசிங்க்', 'அவெயிட்' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தன. 'பதில் வரட்டும், பிறகு அடுத்த வரி' என்று கடிதம் எழுதுவது போல வரிசையாக எழுத அவை உதவுகின்றன. அவெயிட் என்று எழுதினால் காத்திருப்பது அந்த ஒரு ஃபங்ஷன் மட்டும்தான். தையல்காரர் நிற்பதில்லை, மற்ற வேலைகள் நடந்துகொண்டே இருக்கும்.

இதில் ஒரு சுவையான வருத்தமும் உண்டு. பிரவுசருக்கு வெளியே, சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை இயக்க உதவும் நோட்-ஐ 2009-ல் உருவாக்கியவர் ரயன் டால். அதில் ஆரம்பத்தில் ப்ராமிஸைச் சேர்த்திருந்தார். 2010-ல் எடுத்துவிட்டார். 2018-ல் பெர்லினில் நடந்த மாநாட்டில், நோட் விஷயத்தில் தான் வருந்தும் 10 சங்கதிகளைப் பட்டியல் போட்டார். அவர் முதலில் சொன்னது, ப்ராமிஸைக் கைவிட்டதைத்தான்.

படிப்பவர்கள் தடுக்கி விழும் நான்கு இடங்கள்

தமிழக அரசின் பிளஸ் ஒன் 'கணினிப் பயன்பாடுகள்' பாடத்திலேயே ஹெச்.டி.எம்.எல், சி.எஸ்.எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் அறிமுகமாகின்றன. அதில் இருந்து அடுத்த படிக்கு ஏறுகிறவர்களுக்கு நான்கு இடங்கள் வழுக்கும்.

முதலாவது, கேட்ச் எழுத மறப்பது. வீட்டில் வைஃபை நன்றாக இருக்கும்போது எல்லாம் சரியாக ஓடும். சிக்னல் போன அன்றுதான் தெரியும். முறிந்த வாக்கை யாரும் கவனிக்காவிட்டால், பிரவுசர் அதைப் புரோகிராமர் மட்டும் பார்க்கும் 'கன்சோல்' பகுதியில் சிவப்பு எழுத்தில் போடும். பக்கத்தைப் பயன்படுத்துபவருக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிவது சுற்றும் வட்டம் மட்டும்தான். நோட்-ல் இன்னும் கண்டிப்பு. 2020-ல் வந்த 15-ம் பதிப்பில் இருந்து, கவனிக்காமல் விட்ட முறிவு ஒன்று இருந்தாலே புரோகிராம் நின்றுவிடும்.

இரண்டாவது, பலரையும் ஏமாற்றும் இடம். ஃபெட்ச் தரும் ப்ராமிஸ், சர்வர் 'இந்தப் பக்கம் இல்லை' என்று 404 காட்டினாலும், 'உள்ளே கோளாறு' என்று 500 காட்டினாலும் முறியாது! அதைப் பொறுத்தவரை ஏதோ ஒரு பதில் வந்துவிட்டது, அவ்வளவுதான். இணைப்பே கிடைக்காமல் போவது போன்ற சிக்கல்களில்தான் அது முறியும். தபால்காரர் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார், உள்ளே நல்ல சேதியா கெட்ட சேதியா என்பது அவர் வேலை இல்லை என்பது மாதிரி. அதனால் பதிலில் 'ஓகே' என்ற குறி இருக்கிறதா என்று கோட் தனியாகச் சோதிக்க வேண்டும். சோதிக்காத பக்கம், சர்வர் கோளாறு என்று சொன்ன பிறகும் 'உங்கள் விண்ணப்பம் வெற்றிகரமாகப் பதிவானது' என்று பச்சை டிக் போட்டுவிடும். வட்டம் நிற்காமல் சுற்றுவதை விட ஆபத்தானது இந்தப் பொய்யான டிக்.

மூன்றாவது, தேவையில்லாமல் வரிசையில் நிற்பது. மதிப்பெண், போட்டோ, கல்லூரிப் பட்டியல் என மூன்று தகவல்கள் தேவை. ஒவ்வொன்றுக்கும் 2 விநாடி என்றால், ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்று அவெயிட் போட்டால் 6 விநாடி ஆகும். மூன்றையும் ஒன்றாகக் கிளப்பிவிட்டு 'ப்ராமிஸ் ஆல்' என்று சேர்த்துக் காத்திருந்தால் சுமார் 2 விநாடியில் வேலை முடியலாம். மெதுவான இணைப்பில் இந்த வித்தியாசம் பெரியது. ஆனால் ப்ராமிஸ் ஆலில் ஒன்று முறிந்தாலும் மொத்தமும் முறிந்ததாகக் கணக்கு. போட்டோ வராவிட்டாலும் மதிப்பெண்ணைக் காட்டலாம் என்ற இடத்தில், 2020-ல் சேர்ந்த 'ஆல் செட்டில்டு' பொருத்தம். அது ஒவ்வொன்றும் என்ன ஆனது என்று தனித்தனியாகச் சொல்லும். ஒன்றை ஒன்று நம்பி இருக்கும் வேலைகளை மட்டும் வரிசையில்தான் செய்தாக வேண்டும். ஓடிபி சரிபார்க்கும் முன்னால் உள்ளே விட முடியாதே!

நான்காவது, முடிவே இல்லாமல் காத்திருப்பது. எத்தனை விநாடியில் பதில் வர வேண்டும் என்று ப்ராமிஸ் தானாகக் கெடு வைக்காது. கெடு வைப்பது எழுதுபவரின் பொறுப்பு. அதற்கு 'அபார்ட் கன்ட்ரோலர்' என்ற வசதி இப்போதைய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. 20 விநாடி பார், பதில் இல்லையென்றால் கைவிடு என்று அதன் மூலம் சொல்லலாம். கைவிட்ட பிறகு திரையில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் விக்கிரமங்கலத்து அம்மாவின் பணம் இருக்கிறது.

பதில் வரவில்லை என்றால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தமா?

இல்லை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்றால் அது இதுதான்.

பிரவுசரில் ப்ராமிஸ் முறிந்தது என்றால், பிரவுசருக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை என்று மட்டுமே பொருள். போகும் வழியில் கோரிக்கை தொலைந்திருக்கலாம். அப்படியென்றால் சர்வரில் எதுவும் நடக்கவில்லை. இன்னொன்றும் நடந்திருக்கலாம். கோரிக்கை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து, பணம் வரவு வைக்கப்பட்டு, விண்ணப்பமும் பதிவாகி, 'சரி' என்ற பதில் திரும்பி வரும் வழியில் சிக்னல் போயிருக்கலாம். இந்த இரண்டும் பிரவுசருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். காஜா கடைக்காரர் போனை எடுக்கவில்லை என்பதால் சட்டைக்குக் காஜா எடுக்கவில்லை என்று முடிவு கட்ட முடியாதல்லவா?

அதனால்தான் 'ஏதோ தவறு நடந்துவிட்டது, மீண்டும் முயலுங்கள்' என்று மொட்டையாக எழுதுவது பணம் கட்டும் பக்கத்தில் கூடாது. 'பதில் கிடைக்கவில்லை. உங்கள் பணம் பிடிக்கப்பட்டிருக்கலாம். மறுபடி கட்டும் முன் விண்ணப்பத்தின் நிலையைப் பாருங்கள்' என்பதே நேர்மையான வாசகம். முதல் அழுத்தலிலேயே பட்டனை முடக்கி வைப்பது அடுத்த பாதுகாப்பு. அதைவிடப் பலமானது, ஒவ்வொரு கட்டணக் கோரிக்கைக்கும் ஒரு தனி எண் கொடுப்பது. அதே எண்ணில் கோரிக்கை இரண்டாவது முறை வந்தால், 'இதை ஏற்கெனவே முடித்தாயிற்று' என்று சர்வர் பழைய பதிலையே திருப்பித் தரும். பணம் இன்னொரு முறை போகாது. தையல்கடை ரசீது எண்ணும் இதற்குத்தானே!

வட்டம் சுற்றும்போது நீங்கள் செய்ய வேண்டியவை

பேக் பட்டனையும் ரெஃப்ரெஷையும் தொடாதீர்கள். சில நிமிடங்கள் கொடுங்கள்.

அதன் பிறகும் வட்டம் சுற்றினால் யூபிஐ ஆப்பில் நிலையைப் பாருங்கள். பெண்டிங் என்றிருந்தால் அது தோல்வி இல்லை, முடிவு இன்னும் தெரியவில்லை என்று பொருள். அந்த நேரத்தில் மறுபடி கட்டினால் இரண்டும் போய்ச் சேர வாய்ப்பு இருக்கிறது.

பணப் பரிமாற்றத்தின் குறிப்பு எண்ணை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வங்கியிலோ இணையதள உதவி எண்ணிலோ முதலில் கேட்பது அதைத்தான்.

பிறகு இணையதளத்தில் மறுபடி உள்நுழைந்து விண்ணப்பத்தின் நிலையைப் பாருங்கள். பதிவாகவில்லை, பணமும் போகவில்லை என்று உறுதியானால் மட்டும் மறுபடி கட்டுங்கள்.

பணம் பிடிக்கப்பட்டு, போய்ச் சேரவில்லை என்றால் அதற்கும் விதி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ஒருவர் கணக்கில் இருந்து இன்னொருவர் கணக்குக்கு அனுப்பிய யூபிஐ பணத்தை வரவு வைக்க முடியாவிட்டால், அது அடுத்த நாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்கோ நிறுவனத்துக்கோ கட்டி, அங்கே உறுதி கிடைக்காத பணம் என்றால் 5 நாள்களுக்குள் திரும்ப வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. வங்கியில் புகார் கொடுத்து 30 நாள்களில் சரியான பதில் இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் கட்டணம் இல்லாமல் முறையிடலாம்.

மறுபடி விக்கிரமங்கலம்

மணி ஐந்து ஐம்பது. வட்டம் நின்றது. 'ஏதோ தவறு நடந்துவிட்டது. மீண்டும் முயலுங்கள்' என்று வந்தது. அம்மாவின் போனில் பணம் பிடிக்கப்பட்டதாக எஸ்.எம்.எஸ்.

"போச்சா!" என்கிறார் அம்மா. பையனின் கை மவுஸுக்குப் போகிறது.

"தொடாதே தம்பி" என்று சொல்லிவிட்டு அக்கா இன்னொரு டேபைத் திறக்கிறார். விண்ணப்ப எண், பிறந்த தேதி போட்டு உள்ளே போகிறார். 'விண்ணப்பத்தின் நிலை' என்ற இடத்தை அழுத்துகிறார். அங்கேயும் ஒரு வட்டம். இரண்டு சுற்று சுற்றி நிற்கிறது.

கட்டணம் பெறப்பட்டது. விண்ணப்பம் பதிவானது.

"பணமும் போயிருக்கு, விண்ணப்பமும் போயிருக்கு. பதில்தான்ம்மா வழியில நின்னுடுச்சு" என்கிறார் அக்கா.

ரசீதை பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுக்கிறார். அம்மா அதை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொள்கிறார். பையன் மட்டும் முதல் டேபில் நிற்கும் அந்த வாசகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நாளைக்கு இப்படி ஒரு பக்கத்தை எழுதும் வேலை அவனுக்கே வரலாம். அப்போது அந்த வரியை அவன் வேறு மாதிரி எழுதினால், இன்னோர் ஊரில் இன்னோர் அம்மா பதற வேண்டியிருக்காது.